உறுப்பு தானமும் நம் ஜனாஸாக்களும்



சில ஆண்டுகளுக்கு முன் ரஜப் மாதத்து இரவொன்றில், மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும், மதுரையிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் ராஜபாளையத்துக்காரர். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் எப்போதும் முன் ஸஃப்பில் நிற்பவர். அவருடைய இளைய மகன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது கிருஷ்ணன்கோவிலுக்கு அப்பால் லாரி மோதித் தலையில் அடிபட்டு, மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாட்களாகக் கிடந்தான்.

"ஹஜ்ரத், மூளை செத்துப்போச்சுன்னு டாக்டரு சொல்றாரு. நெஞ்சு ஏறி எறங்குது, தொட்டா ஒடம்பு சூடா இருக்கு. உறுப்பை எல்லாம் தானமாக் குடுக்கச் சம்மதமான்னு கேக்குறாங்க. விடியறதுக்குள்ள சொல்லணும். மார்க்கத்துல கூடுமா, கூடாதா?"

நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "கூடாது என்று சொல்லக் கேள்விப்பட்டிருக்கிறேன், எதற்கு வம்பு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். அவரும் அப்படியே சொன்னார். மறுநாள் அஸருக்குப் பிறகு பிள்ளையை நல்லடக்கம் செய்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு ஃபஜ்ருக்குப் பின், எல்லாரும் எழுந்து போனதும் என்னருகே வந்து உட்கார்ந்து, "நான் செஞ்சது சரிதானா ஹஜ்ரத்?" என்று கேட்டார். அப்போதும் என்னிடம் பதில் இல்லை.

அதே நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில், ஆட்டோ ஓட்டும் நம் சகோதரர் ஒருவரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய், இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். மாற்றுச் சிறுநீரகத்திற்கான அரசுப் பட்டியலில் அவர் பெயர் பதிவாகியிருந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையே 12 கிலோ மீட்டர்கூட இராது. அந்தப் பிள்ளையின் சிறுநீரகம் இந்தப் பெண்ணுக்குத்தான் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வரிசைப்படிதான் கொடுப்பார்கள், இரத்த வகையும் ஒத்துவர வேண்டும். ஆனாலும் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும். அதன் பிறகுதான் நான் கிதாபுகளைப் புரட்டவும், விவரம் தெரிந்த உலமாக்களிடமும் டாக்டர்களிடமும் கேட்கவும் தொடங்கினேன். கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அரசு செய்வது என்ன?

இந்திய அரசு 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அது 2011-ல் திருத்தப்பட்டது. விதிகள் 2014-ல் வந்தன. தமிழகத்தில் 2008-ல்தான் காரியம் வேகம் பிடித்தது. அவ்வாண்டு பிறந்த அரசாணைகள் இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தின. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் விபத்தில் மூளைச் சாவு அடைந்தான். டாக்டர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தனர். அவனது இதயத்தைச் சென்னையின் போக்குவரத்தை நிறுத்தி முகப்பேருக்குச் சில நிமிடங்களில் கொண்டு சேர்த்து ஒரு சிறுமிக்குப் பொருத்தினார்கள். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதற்கு முன் சம்மதம் கேட்கவே டாக்டர்கள் தயங்குவார்கள். அதற்குப் பின் குடும்பத்தாரே கேட்டு வரத் தொடங்கினர்.

2014-ல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. காத்திருப்போர் பட்டியலை வைத்து வரிசைப்படி உறுப்புகளை ஒதுக்குவது அதுவே. 2023 செப்டம்பர் 23-ம் நாள், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சில நாட்களுக்குள்ளேயே தேனி மாவட்டத்தில் முதல் மரியாதை செலுத்தப்பட்டது. 2024-ம் ஆண்டில் தமிழகத்தில் 268 பேரின் குடும்பத்தார் உறுப்பு தானத்திற்குச் சம்மதித்தனர். அதற்கு முன் எந்த ஆண்டிலும் இத்தனை பேர் தந்ததில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2013-ல் 4,990 ஆக இருந்த மாற்று அறுவைகள் 2023-ல் 18,378 ஆயின. ஆனால் அந்த 2023-ல் இறந்த பின் உறுப்பு தந்தவர்கள் இந்தியா முழுவதிலும் 1,099 பேர்தான். மற்றவை பெரும்பாலும் உயிரோடிருப்பவர்கள், அதிலும் மனைவிமாரும் தாய்மாரும், தந்தவை. இதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் உறுதிமொழி பதிவு செய்யும் வசதியையும் மத்திய அரசு செய்திருக்கிறது. நம் பிள்ளைகள் கல்லூரியில் முகாம் நடக்கும்போது கையெழுத்துப் போட்டு அட்டை வாங்கி வந்து விடுகிறார்கள். வீட்டில் காட்டுவதில்லை. ஆனால் அட்டை இருந்தாலும், மரணத்தின்போது அருகில் இருக்கும் உறவினரைக் கேட்காமல் இங்கே எந்த டாக்டரும் உறுப்பை எடுப்பதில்லை. ஆகவே முடிவு கடைசியில் அத்தாவிடமும் அம்மாவிடமும் மனைவியிடமுமே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில்தான் அவர்கள் பள்ளி இமாமுக்குத் தொலைபேசி செய்கிறார்கள்.

மூளைச் சாவு

நம் வீடுகளில் நிகழும் சாதாரண மவுத்தில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை எடுக்க இயலாது. இரத்த ஓட்டம் நின்றவுடன் அவை கெடத் தொடங்கிவிடும். கண்ணின் கருவிழியை ஆறு மணி நேரத்திற்குள் வீட்டிலேயே வந்து எடுத்துக்கொள்ள முடியும். மற்ற உறுப்புகள் எல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாசக் கருவி பொருத்தப்பட்ட நிலையில் மூளைச் சாவு அடைந்தவரிடமிருந்துதான் பெறப்படுகின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல், "நம்மளையும் அறுத்துப்புடுவாங்களோ" என்று ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மயக்கம் வேறு, மூளைச் சாவு வேறு. நினைவிழந்து மாதக்கணக்கில் கிடப்பவர் தானாக மூச்சு விடுவார். அவர் உயிருள்ளவர். அவரிடமிருந்து எதையும் எடுக்கச் சட்டத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை. மூளைச் சாவு என்பது மூளையின் அடித்தண்டு முற்றிலும் அழிந்துபோவதாகும். மூச்சு விடச் சொல்லி நெஞ்சுக்குக் கட்டளை அனுப்பும் இடம் அது. அது போனபின் சுவாசக் கருவிதான் காற்றை உள்ளே தள்ளுகிறது. இதயமோ மூளையின் கட்டளை இல்லாமலேயே தன் போக்கில் துடிக்கக்கூடியது. காற்று கிடைக்கும் வரை சில மணி நேரமோ சில நாட்களோ துடித்துப் பின் நின்றுவிடும். அந்த மேஸ்திரி கண்ட நெஞ்சின் ஏற்ற இறக்கமும் உடம்பின் சூடும் இதனால்தான்.

இதை உறுதிசெய்ய நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்த எவரும் அந்நால்வரில் இருக்கக்கூடாது. கண்ணில் வெளிச்சம் பாய்ச்சிப் பாவை சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதில் குளிர்ந்த நீரை விட்டால் விழி திரும்புகிறதா, தொண்டையைச் சீண்டினால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாகச் சுவாசக் கருவியைச் சற்று நேரம் நிறுத்தி, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். இத்தனையும் ஒரு முறை செய்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் முழுமையாகச் செய்ய வேண்டும். குடும்பத்தார் விரும்பினால் இந்தச் சோதனைகளைப் பற்றி விளக்கம் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றே நான் சொல்வேன். துக்கத்தில் இருப்பவரை அவசரப்படுத்துவது எந்த டாக்டருக்கும் அழகல்ல.

உலமாக்கள் என்ன சொல்கிறார்கள்?

இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது அமானிதத்திற்கு மாறு செய்வதாகும்.

கூடாது என்போரின் ஆதாரங்கள் லேசானவை அல்ல. நம் உடல் நமக்குச் சொந்தமானதல்ல, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் எப்படித் தானம் செய்வார்? மரணித்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஆதமுடைய மக்களை அல்லாஹ் கண்ணியப்படுத்தியதாகத் திருக்குர்ஆன் 17-வது அத்தியாயம் கூறுகிறது. அந்தக் கண்ணியத்தின் காரணமாகவே மனித உடலின் பாகத்தைப் பயன்பாட்டுப் பொருளாக ஆக்கக்கூடாது என்று ஹனபி கிதாபுகள் எழுதின. கராச்சி முப்தி முஹம்மது ஷபீ (ரஹ்) அவர்கள் இதுபற்றித் தனி நூலே எழுதி, கூடாது என்ற முடிவுக்கு வந்தார்கள். தேவ்பந்து தாருல் உலூமின் பத்வாக்களும் அவ்வழியிலேயே இருக்கின்றன. நம் பக்கத்து ராவுத்தர் மஹல்லாக்கள் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுபவை. எனவே நான் அந்த இரவில் "கேள்விப்பட்டிருந்தது" இதுவே.

ஆனால் அதே ஹனபி கிதாபுகளில் இன்னொரு மஸ்அலாவும் இருக்கிறது. கர்ப்பிணி ஒருத்தி மவுத்தாகி, வயிற்றில் குழந்தை அசைவது தெரிந்தால் என்ன செய்வது? வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஷாபிஈ இமாம்களும் அப்படியே சொல்கிறார்கள். மய்யித்தின் கண்ணியம் பெரியதுதான், ஆயினும் ஓர் உயிரைக் காப்பது அதைவிட முந்தியது என்பதல்லவா இதன் பொருள்? கூடும் என்று சொல்லும் உலமாக்கள் இந்த மஸ்அலாவின் மீதுதான் தங்கள் வாதத்தைக் கட்டுகிறார்கள். எலும்பை முறிப்பது பற்றிய ஹதீஸும், போரில் சடலங்களைச் சிதைப்பதைத் தடுத்த ஹதீஸ்களும், இழிவுபடுத்துவதையே தடுக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். ஓர் உயிரை வாழவைப்பவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற கருத்தைத் தரும் ஸூரத்துல் மாயிதாவின் 32-வது வசனத்தையும் முன்வைக்கிறார்கள்.

இது தனி ஆலிம் ஒருவரின் சொல்லாக நின்றுவிடவில்லை. மலேசியாவின் தேசிய பத்வா மன்றம் 1970-லேயே கண்ணையும் இதயத்தையும் பொருத்துவதை அனுமதித்தது. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1982-ல் அனுமதித்தது. முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த பிக்ஹு மன்றம் 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடி விரிவான தீர்மானம் செய்தது. மரணித்தவரின் உறுப்பை, அதை நம்பியே உயிர் வாழ வேண்டிய ஒருவருக்குப் பொருத்தலாம். மரணித்தவர் முன்பே அனுமதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் அனுமதிக்க வேண்டும். விலை பேசுதல் அறவே கூடாது. இவையே அதன் சாரம். சந்ததியின் குணங்களைச் சுமந்து செல்லும் விதைப்பை, கருவகம் ஆகியவற்றை மாற்றுவது கூடாது என்று 1990-ல் அதே மன்றம் சேர்த்துச் சொன்னது.

சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்கள் பலர் வாழ்கிறார்கள். அங்கே 1987-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், மறுப்புத் தெரிவிக்காத எவரிடமிருந்தும் விபத்து மரணத்திற்குப் பின் சிறுநீரகத்தை எடுக்க வழி செய்தது. முஸ்லிம்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் ஆலோசித்த பின், 2007-ல் அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றம் பத்வா வெளியிட, 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் அச்சட்டத்தினுள் வந்தார்கள். விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். உலமாக்கள் இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை நான் குறையாகச் சொல்லவில்லை. மய்யித்தின் விஷயத்தில் நிதானம் தேவைதான்.

நம் நாட்டில் இந்திய பிக்ஹு அகாடமி 1989 டிசம்பரில் டில்லியில் கூடியபோது நடுவழி ஒன்றை எடுத்தது. வேறு மருந்தில்லாத நிலையில், உயிரோடிருப்பவர் தன் உறவினருக்கு மனமுவந்து சிறுநீரகம் கொடுப்பதை அனுமதித்தது. விற்பதைத் தடுத்தது. தன் மரணத்திற்குப் பின் உறுப்புகளைக் கொடுக்கும்படி ஒருவர் வஸிய்யத் செய்வது ஷரீஅத்தின்படி வஸிய்யத் ஆகாது என்றது.

இத்துடன் மூளைச் சாவு மரணமா என்ற தனிக் கேள்வியும் இருக்கிறது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய பிக்ஹு மன்றம், மூளை முற்றாகச் செயலிழந்து திரும்பாது என்று நிபுணர்கள் முடிவு செய்தால் அது மரணமே என்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய ராபித்தாவின் பிக்ஹு சபையோ, அந்நிலையில் சுவாசக் கருவியை அகற்றலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகே மரணித்தவர் என்ற சட்டம் பொருந்தும் என்றது. கருவியை அகற்றலாம் என்பதில் இரண்டும் ஒன்றுபடுவதைக் கவனியுங்கள். நம்பிக்கை இழந்த நிலையில் கருவியை எடுக்கச் சம்மதிப்பது கொலையாகிவிடுமோ என்று நடுங்கும் தாய்மார்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

இத்தனையும் படித்த பின் என் மனம் கூடும் என்பவர்கள் பக்கமே சாய்கிறது. ஜித்தாவில் வகுத்த நிபந்தனைகளோடு, வாரிசுகளின் முழு மனச் சம்மதத்தோடு. ஆனால் கூடாது என்ற பத்வாவைப் பின்பற்றி ஒருவர் மறுத்தால், அவரை இரக்கமற்றவர் என்று பேச எவருக்கும் உரிமையில்லை. அவரும் ஆதாரத்தின் மீதே நிற்கிறார். அதே நேரத்தில் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நம் வீட்டு நோயாளிக்குச் சிறுநீரகம் வேண்டுமென்று பட்டியலில் பெயர் பதியும்போது நாம் எவரிடமும் பத்வா கேட்டதில்லை. கொடுக்கும் நேரத்தில் மட்டும் கேட்கிறோம்.

இன்னொன்று. அந்த மேஸ்திரி தன் பிள்ளையின் உடலை அறுக்கக்கூடாது என்பதற்காகத்தான் மறுத்தார். ஆனால் விபத்தில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை சட்டப்படி நடந்தே தீரும். அந்தப் பிள்ளையின் உடலும் அறுக்கப்பட்டே எங்களிடம் வந்தது. குளிப்பாட்டிய நான்கு பேரில் நானும் ஒருவன்.

விலைக்கு விற்பது

இதில் உலமாக்களிடையே வேறுபாடே இல்லை. ஆனால் நம் ஊர்களில் இதுதான் நடக்கிறது. 1980-களில் சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றவர்கள் பெருகியதால் அவ்வூரைக் கிட்னிவாக்கம் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். 1994-ம் ஆண்டுச் சட்டம் வந்ததே இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். இருந்தும் 2004-ன் ஆழிப் பேரலைக்குப் பின் வடசென்னையில் மீனவப் பெண்கள் விற்றது 2007-ல் வெளிப்பட்டது. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்தது அம்பலமாகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது.

விசைத்தறி என்றால் நமக்கு அது தூரத்துச் செய்தியல்ல. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறி ஓடாத தெரு ஏது? நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டும் துணி அங்கேதான் நெய்யப்படுகிறது. வாரக் கூலியும் கந்து வட்டியுமாகக் காலம் தள்ளும் அந்த வீடுகளுக்குத் தரகன் வர எத்தனை நேரம் ஆகும்? வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தரகருக்கும் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும், இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. வட்டிக் கடனால் ஒருவர் உடலை விற்கும் நிலைக்கு வந்தபின் அவருக்கு ஹராம் ஹலால் போதிப்பதைவிட, அதற்கு முன்பே ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து அவருடைய கடனை அடைப்பது எளிது.

உயிரோடிருக்கும்போது உறவினருக்குக் கொடுப்பதைச் சட்டமும் அனுமதிக்கிறது, பெரும்பாலான உலமாக்களும் அனுமதிக்கிறார்கள். ஆனால் மனமுவந்து என்ற சொல்லை நாம் கவனிப்பதில்லை. கணவருக்குச் சிறுநீரகம் பழுதானால் மனைவி கொடுக்க வேண்டும் என்று குடும்பமே முடிவு செய்துவிடுகிறது. மனைவிக்குப் பழுதானால்? அவளுடைய தாயைத் தேடுகிறார்கள். கொடுக்கும் பெண்களின் எண்ணிக்கை மிகுதியாகவும் பெறும் பெண்களின் எண்ணிக்கை குறைவாகவும் இருப்பதைக் கண்டு, காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை தரும்படி தேசிய உறுப்பு மாற்று அமைப்பே 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. நிர்ப்பந்தத்தால் வாங்கிய சம்மதம் ஷரீஅத்தில் சம்மதமே அல்ல. மாமியாரும் நாத்தனாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது தலையாட்டும் பெண்ணின் சம்மதத்தைச் சேர்த்தே சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சகோதரியின் தாயார் கொடுக்க முன்வந்தார். சர்க்கரை வியாதி இருப்பதால் டாக்டர்கள் மறுத்துவிட்டனர்.

வீடுகளில் எழும் கேள்விகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் மஜ்லிஸ் ஒன்றில் இதைப் பேசியபோது என்னிடம் கேட்கப்பட்டவை சில.

"என் மகனோட கண்ணை வாங்குனவன் ஹராமானதைப் பார்த்தா பாவம் யாருக்கு?" பார்த்தவருக்கே. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் கூறும் அடிப்படை.

"மறுமையில குறையோட எழுப்பப்படுவாங்களா?" உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டது. கடலில் மூழ்கி மீன்களுக்கு இரையானவர்கள் உண்டு. விரல் நுனிகளைக்கூடச் சீராக்கி எழுப்ப வல்லவன் அல்லாஹ். தன் விரல் கணுக்களைத் தானே வெட்டிக்கொண்டு இறந்தவரின் கை சீராக்கப்படவில்லை என்று முஸ்லிமில் வரும் ஹதீஸைக் காட்டி ஓர் ஆலிம் என்னிடம் வாதிட்டார். அது வேதனை தாங்காமல் தன்னையே அழித்துக்கொண்டவரின் செய்தி. பிறர் உயிரைக் காக்கத் தந்தவரை அதனோடு ஒப்பிடுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

"முஸ்லிம் அல்லாதவங்களுக்குப் போனா?" யாருக்குப் போகிறது என்பதைக் கொடுப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை அறிந்த நாம் இதற்குத் தயங்க வேண்டுமா? நம்மவர்களுக்குப் பொருத்தப்பட்ட உறுப்புகளும் எந்த வீட்டிலிருந்து வந்தவை என்று நமக்குத் தெரியாது.

"ஆஸ்பத்திரிச் செலவு நம்ம தலையில விழுமா?" சம்மதித்த பின் அந்த உடலைப் பராமரிப்பதற்கும் உறுப்பை எடுப்பதற்கும் ஆகும் செலவைக் கொடுத்தவர் குடும்பத்திடம் வாங்கக்கூடாது என்று 2014 விதிகள் கூறுகின்றன. கேட்டால் கொடுக்க வேண்டாம்.

குளிப்பாட்டுதல், கபனிடுதல்

சம்மதம் தந்தால் ஜனாஸா தாமதமாகுமே என்பதும் நியாயமான கவலைதான். விரைவுபடுத்தும்படியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். உறுப்புகளை எடுக்கச் சில மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் பொழுது சாய்ந்த பின் பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டார்கள். ஒரு பகல் வீணாகும். 2021 நவம்பரில் மத்திய அரசு அந்த விதியைத் தளர்த்தி, வசதியுள்ள இடங்களில் இரவிலும் செய்யலாம் என்றும், உறுப்பு தானத்திற்கு அதில் முன்னுரிமை உண்டு என்றும் அறிவித்தது. ஆகவே இரவில் சம்மதித்தால், மதுரையிலிருந்து நம் ஊருக்கு 85 கிலோ மீட்டர் வந்து, அன்று மாலைக்குள் அடக்கம் செய்துவிடும் வாய்ப்புண்டு.

மய்யித் வரும்போது நெஞ்சிலிருந்து வயிறு வரை நீண்ட தையல் இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. கருவிழி எடுத்திருந்தாலும் இமை மூடியே இருக்கும். தையலைப் பிரிக்கவோ அழுத்தவோ கூடாது. வயிற்றை அமுக்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். தையல் மீது தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றினால் போதும். கசிவு இருந்தால் பஞ்சு வைத்து, கட்டுத் துணியால் இறுகச் சுற்றிய பின் கபனிட வேண்டும். நீர் ஊற்றவே இயலாத அளவுக்கு உடல் சிதைந்திருந்தால் மட்டும் தயம்மும் செய்யலாம். வீட்டுப் பெண்களுக்கு முகத்தைக் காட்டி, தையலைக் காட்டாமல் மூடிவிடுவது நல்லது.

அரசு மரியாதை என்று அதிகாரிகள் மலர் வளையத்துடன் வருவார்கள். மய்யித்தின் மீது மாலை வைப்பது நம் முறையல்ல. வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடலாம். வந்தவர்களை உட்காரவைத்து, ஜனாஸாத் தொழுகை முடியும் வரை அவர்கள் நின்றாலும் சந்தோஷமே. அதற்காகத் தொழுகையை நேரம் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

சென்ற ரமலானில் தராவீஹுக்குப் பின் அந்த மேஸ்திரியை அழைத்து உட்காரவைத்து, நான் படித்தறிந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மறுத்ததில் பாவம் எதுவும் இல்லை என்பதையும், தவறு விவரம் தெரியாமல் பதில் சொன்ன என்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு புள்ளை டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு இருந்துச்சே, அதுக்குக் கிட்னி கெடச்சுதா ஹஜ்ரத்?" என்று கேட்டார். இன்னும் பட்டியலில்தான் இருக்கிறார் என்றேன்.

எங்கள் மஹல்லாவில் இந்த மஸ்அலாவைக் கேள்விகளாக எழுதி, நான் ஓதிய மத்ரஸாவின் முப்திமார்களுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருக்கிறது. உங்கள் ஊர் ஜமாஅத்தும் தாங்கள் நம்பும் மத்ரஸாவுக்கு எழுதிப் பதிலைப் பள்ளியில் ஒட்டி வைக்கலாம். வீட்டில் சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி எல்லாரும் இருக்கும் ஒரு நேரத்தில், எனக்கு இப்படி ஆனால் இன்னது செய்யுங்கள் என்று கூடும் என்பவரும் கூடாது என்பவரும் வாயால் சொல்லிவைக்க வேண்டும். நான் என் மனைவியிடமும் மக்களிடமும் சொல்லிவிட்டேன். மூத்தவன் சரி என்றான். என் மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை.